கேட்டைத் திறக்கும் முன் பூனையைப் பார்க்கவும்

கிறிஸ்துமஸ் மரத்துக்கும் பூனைக்கும் ஒத்துவராது என்று பலர் சொல்கிறார்கள். அது மரத்தைக் கட்டத் தெரியாதவர்கள் பேச்சு. நடுத்தண்டில் மீன்பிடி நரம்பை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையைச் சுவர் ஆணியிலும் கட்டிவிட்டால், ஐந்து கிலோ பூனை உச்சிவரை ஏறினாலும் மரம் அசையாது. ஜிகினா இழை தொங்கவிடக் கூடாது, விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும். கண்ணாடி உருண்டைகளுக்குப் பதில் துணி உருண்டைகள் போதும். ரிஸ்வான் சார், உங்கள் வீட்டில் பூனை உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் இதெல்லாம் உபயோகப்படும்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால்தான் மரத்தில் ஆரம்பித்தேன்.

என் பெயர் ஜூலியஸ். வயது அறுபத்து மூன்று. சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். எங்கள் தொழிலில் 'நியர் மிஸ்' என்று ஒன்று உண்டு. மேலிருந்து ஒரு இரும்புத் துண்டு விழுகிறது, கீழே நின்றவன் ஒரு அடி தள்ளி நின்றதால் பிழைத்துக்கொள்கிறான் என்றால் அது நியர் மிஸ். அதற்கும் அறிக்கை எழுத வேண்டும். நான் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் படித்ததில்லை. யாருக்காவது அடிபட்ட மறுநாள்தான் கூட்டம் போடுவார்கள், விதியை மாற்றுவார்கள், ஜூலியஸ் அப்போதே சொன்னார் என்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர்கள் அப்படித்தான்.

ஓய்வு பெற்ற பிறகு சுவா சூ காங் வீட்டில் நானும் என் மனைவி மிரண்டாவும் மட்டும்தான். ஒன்பதாவது மாடி, தாழ்வாரத்தின் கடைசி வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு காரணமாகச் சொல்ல நான் விரும்பவில்லை.

வீவக என்னும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் பூனை வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்ன அந்த வாரமே மிரண்டா புளோக் கீழ்த்தளத்திலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். லில்லி என்று பெயர் வைத்தாள். லில்லிப் பூ பூனைக்கு விஷம் என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோலுக்கடியில் அடையாளச் சில்லுப் பொருத்த அழைத்துப்போனது நான், உரிமம் வாங்கியது நான், ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தது நான். அதனிடம் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு சாயிரா பானுவைக் கேட்டுப் பாருங்கள்.

வந்த இரண்டாவது மாதம் மிரண்டா மரக்கதவுக்கு வெளியே இருக்கும் கம்பிக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு குப்பை கொட்டப் போனாள். லில்லி ஓடிவிட்டது. இரண்டு மணி நேரம் செருப்பில்லாமல் மாடி மாடியாக அழுதுகொண்டே தேடினாள். பதின்மூன்றாவது மாடியில் யாருடைய சைக்கிளுக்கோ பின்னால் இருந்து நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அன்றைக்கே விதிகளை எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவின் உட்பக்கம் ஒட்டினேன். முதல் விதி: கேட்டைத் திறக்கும் முன் பூனையைப் பார்க்கவும். பூனை எங்கே என்று தெரியாமல் கேட்டைத் திறக்கக் கூடாது. வீட்டில் ஆள் இருந்தாலும் கேட் பூட்டியே இருக்க வேண்டும். சாவி கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில், எல்லோருக்கும் எட்டும் உயரத்தில்.

மொத்தம் பதினான்கு விதிகள். மிரண்டா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இது வீடா, ஷிப்யார்டா? ஹெல்மெட் ஒண்ணுதான் பாக்கி லா."

ஒரு விதியையும் அவள் மதித்ததில்லை. சாவியை மேசையில் போடுவாள், ஃபிரிஜ் மேல் வைப்பாள். கேட்டைச் சாத்துவாள், பூட்ட மாட்டாள். கேட்டால், லில்லியிடம் திரும்பி, "உங்க பாஸ் வந்துட்டாரு, பாரு" என்பாள். அவள் நாள் முழுவதும் பேசியது அதனிடம்தான். மீன் விலை, முழங்கால் வலி, ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னது எல்லாம் அதற்குச் சொன்னாள். எனக்குக் கிடைத்தது 'சாப்பாடு எடுத்து வச்சிட்டேன்' மட்டும்தான். முன்பெல்லாம் பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால்கூட "ஏங்க" என்று கூப்பிடுவாள். அந்த "ஏங்க" எப்போது நின்றது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நின்ற பிறகுதான் கவனித்தேன்.

டிசம்பருக்கு வருகிறேன்.

எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரமும் திருவருகைக்கால வளையம் வைப்பார்கள். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்தி. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று கூடும், நான்காவது ஞாயிறு நான்கும் எரியும். நான் பேட்டரியில் எரியும் மெழுகுவர்த்திகள் நான்கு வாங்கி வந்தேன். தேக்கா கடைகளில் தேடித்தான் ஊதா நிறம் மூன்றும் ரோஜா நிறம் ஒன்றும் கிடைத்தது. மிரண்டா அவற்றைத் தொடக்கூட இல்லை. கோயிலில் மந்திரித்த மெழுகுவர்த்திகளைத்தான் வைத்தாள்.

முதல் ஞாயிறு ஜெபக் குழுவினர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். பூனை இருக்கும் வீட்டில் திறந்த தீ கூடாது என்று எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன்.

மிரண்டா தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டே, "பேட்டரிய ஃபாதர் மந்திரிப்பாரா? நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்றாள். பிறகு அவர்களைப் பார்த்து, "முப்பது வருஷம் ஷிப்யார்ட்ல ஒருத்தனும் இவரு பேச்சக் கேக்கல. அதான் வீட்டுக்கு வந்து பூனைக்கு நோட்டீஸ் ஒட்டுறாரு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. ஆனால் எனக்கு வலித்தது. பட்டறையில் நடந்ததை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், கல்யாணமான புதிதில், வேறு யாரிடமும் சொல்ல முடியாமல். அதை இத்தனை வருஷம் வைத்திருந்து முறுக்கோடு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று பாத்திரங்களைக் கழுவி வைக்கும்போது ஒரு விஷயம் எனக்குத் தெளிவாயிற்று. மிரண்டாவுக்கு வேண்டியது இன்னொரு அறிவிப்பு இல்லை. ஒரு சம்பவம். பட்டறையில் ஆண்டுக்கு இருமுறை தீ ஒத்திகை நடத்துவோம். அது போல வீட்டில் ஒன்று. மரத்தின் ஒரு பக்கம் கருக வேண்டும், கொஞ்சம் புகை வர வேண்டும், நான் வந்து அணைக்க வேண்டும், நீங்க சொன்னது சரிதான் என்று அவள் ஒரு தடவை சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிதாக நான் எதையும் ஆசைப்படவில்லை.

நான்காவது ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன். மாலை ஐந்தரைக்கு அவளுக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. வீடு காலியாக இருக்கும். இதைத்தான் முதல் நாள் போலீஸ் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அவள் பயிற்சிக்குப் போய்விட்டதாக நினைத்தேன், நான் வெளியே போன நேரத்தில் பூனை மரத்தில் ஏறிச் சாய்த்துவிட்டது, மரம் மெழுகுவர்த்தி மேல் விழுந்தது என்றேன். அதில் சில திருத்தங்கள் இருக்கின்றன.

பூனை மரத்தில் ஏறவில்லை. மரத்தை நான் கட்டியிருந்த விதத்தில் அது ஏறினாலும் சாயாது. அதை அப்படி எழுதவிட்டது தொழில்முறையில் எனக்கே கூச்சமாக இருந்தது. நரம்பை அவிழ்த்தது நான். நான்காவது மெழுகுவர்த்தியை மிரண்டாதான் ஏற்றுவாள், அன்று நான் ஏற்றினேன். புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் காலையில் மாற்றுவதற்காகக் கழற்றியவன் திரும்பப் போடவில்லை.

லில்லியை அதற்கு முன்பே கூண்டில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, மின்தூக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சந்தைக்குப் புறப்பட்ட சாயிரா பானு அதைப் பார்த்ததாகச் சொன்னது உண்மைதான். பூனை மேல் புகை வாசனை இல்லை என்று நீங்கள் கவனித்ததும் நல்ல வேலை. பட்டறையில் உங்களைப் போல ஒருவர் எனக்கு மேல் இருந்திருக்கலாம். ஒத்திகைக்கு முன் அப்பாவி உயிர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்பது அடிப்படை.

இரண்டாவது திருத்தம். வீட்டுக்கு வெளியே செருப்பு அடுக்கும் தட்டு இருக்கிறது. மிரண்டா வெளியே போனால் அவளுடைய ஊதாச் செருப்பு அங்கே இருக்காது. அன்று இருந்தது. முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டு, பயிற்சிக்குப் போகாமல் அறையில் படுத்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு செருப்பு குப்புறக் கிடந்தது. அதை நிமிர்த்தி ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போய் மெழுகுவர்த்திகளை ஏற்றி, மரத்தை அவற்றின் மேல் சாய்த்தேன்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் தாள் என்னுடையதுதான். சம்பவ அறிக்கை. முந்தைய நாள் எழுதியது, தேதியை மாற்ற மறந்துவிட்டேன். அதில் 'பாதிக்கப்பட்டோர்' என்ற இடத்தில் 'ஒருவர், புகையால் லேசான மூச்சுத்திணறல்' என்று இருக்கிறது. வீடு காலியாக இருக்குமென்றால் அந்த ஒருவர் யார் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதை எழுதிய ராத்திரி முழுக்க யோசித்தேன். யாருக்கும் எதுவும் ஆகாவிட்டால் இதுவும் நியர் மிஸ் ஆகிவிடும், அதையும் ஜெபக் குழுவில் சொல்லிச் சிரிப்பாள் என்று தோன்றியது. அவள் முழங்கால் அந்த வாரம் முழுவதும் மோசமாகத்தான் இருந்தது. பயிற்சிக்குப் போக மாட்டாள் என்று என் மனதுக்குத் தெரிந்திருக்கலாம்.

கேட்டை வெளியிலிருந்து பூட்டினேன். மரக்கதவைத் திறந்தே விட்டேன், பார்ப்பதற்காக. தீயணைப்பான் என் காலடியில் இருந்தது. சாவி கொக்கியில் இல்லை, என் கையில் இருந்தது.

பிளாஸ்டிக் மரம் நான் கணக்குப் போட்டதைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டது. கரும்புகை. பதினொரு வருஷம் பழைய மரம், மாற்றியிருக்க வேண்டும். அந்தத் தவறு என்னுடையது.

மூன்றாவது நிமிஷம் மிரண்டா அறையிலிருந்து வந்தாள். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கேட்டுக்குத்தான் வந்தாள். கொக்கியைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் வெளியே நிற்கும் என்னைப் பார்த்தாள். சாவியைப் பூட்டுக்குப் பக்கத்தில்தான் பிடித்திருந்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். திறக்கத்தான் போனேன்.

"ஏங்க" என்றாள்.

எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகையாகவும் இருக்கலாம்.

"ஏங்க, தொறந்துராதீங்க. லில்லி உள்ளதான் எங்கயோ இருக்கு. தொறந்தா பயத்துல ஓடிரும். இருங்க, புடிச்சிட்டு வந்துர்றேன்."

கம்பியை விட்டுவிட்டுத் திரும்பினாள். எனக்குப் பின்னால் பன்னிரண்டு அடி தூரத்தில், துண்டுக்குள்ளிருந்து லில்லி ஒரு தடவை கத்தியது. மிரண்டாவுக்குக் கேட்கவில்லை. லில்லி இங்கே இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. சொல்லவில்லை.

சமையலறையில் கூப்பிட்டாள், சாமான் அறையில் கூப்பிட்டாள், பிறகு படுக்கையறையில், கட்டிலுக்கு அடியில் குனிந்து கூப்பிடுவது போலக் கேட்டது. மொத்தம் பதினொரு தடவை. எண்ணுவது என் பழக்கம். பன்னிரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தேன். அதன் பிறகு கேட்டைத் திறந்து, தீயை ஒரு நிமிஷத்துக்குள் அணைத்தேன். எதிர் புளோக்கிலிருந்து யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. நல்லா செய்தீர்கள் அங்கிள் என்று அவர்களில் ஒரு பையன் என் தோளைத் தட்டினான். அப்போது அவனுக்குப் படுக்கையறையைப் பற்றித் தெரியாது.

லில்லி இப்போது சாயிரா பானு வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு வலை இல்லை. தயவு செய்து சொல்லுங்கள்.

ஏன் திறக்கவில்லை என்றுதான் நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். சாவி கையில் இருந்தது, பூட்டு எதிரில் இருந்தது, ஏன் திறக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தாள் கதவில் ஒட்டியிருந்தது சார். பதினான்கு விதியில் ஒன்றைக்கூட அவள் மதித்ததில்லை. அன்றைக்குத்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொன்னதை மிரண்டா கேட்டாள். அந்த நேரத்தில் போய் நானே அதை எப்படி மீறுவது.