நாலு விரல் பின்னுக்கு

– ஏலாது எண்டு நான் சொல்லேல்லை, அம்மா. அப்பான்ரை காரிலை ஏன் கை வைக்கோணும் எண்டுதான் கேக்கிறன்.

– சீற்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு எண்டுதானே சொன்னனான், கவிஷன். உயரமான ஆள் ஒருத்தர் காரை ஓடப்போறார். அவருக்குக் கால் நீட்ட இடம் காணாது.

– அம்மா, இது வீட்டுச் சோபா இல்லை தள்ளுறதுக்கு. ஹொட் றொட். அந்தக் காலத்துக் குட்டிக் காரின்ரை உடம்புக்குள்ளை அப்பா பெரிய எஞ்சினை ஏத்தி வைச்சிருக்கிறார். வருஷக்கணக்காய் இந்தக் கராஜுக்குள்ளை அதோடை மல்லுக்கட்டினவர். மிஞ்சின இடத்திலைதான் சீற். அதையும் தன்ரை காலுக்கு அளந்து போல்ற் போட்டு இறுக்கினவர்.

– அப்பா கட்டை.

– ஓம், கட்டைதான். அதுக்கென்ன?

– அதுக்குத்தான் சொல்லுறன். அவர் கண்மூடி மூண்டு வருஷம். கார் போர்வைக்குக் கீழை கிடக்குது. ஊரான்ரை காரெல்லாம் நாள் முழுக்கத் திருத்திறாய், இதைத் திரும்பியும் பாக்கிறாயில்லை.

– எனக்கு இதிலை ஏற மனம் வருகுதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.

– தெரியும், ராசா.

– உண்மையைச் சொல்லுங்கோ. விக்கப்போறியளோ? வாங்கிற ஆளோ அவர்?

– சீ. உனக்குச் சொல்லாமல் விப்பனோ?

– அப்ப ஆர்?

– முதல் நீ சொல்லு. எங்கையெங்கை இடம் எடுக்கலாம்?

– ஸ்ரியறிங்கைச் சின்னதாய் மாத்தலாம். சீற்றுக்குள்ளை இருக்கிற பஞ்சைக் குறைக்கலாம். பெடலை முன்னுக்குத் தள்ளேலாது, அங்காலை எஞ்சின். ஆனபடியால் சீற்தான் பின்னுக்குப் போகோணும். ஆனால் ரெண்டு பேருக்கும் ஒரே சீற், அம்மா. தள்ளினால் பக்கத்திலை இருக்கிற ஆளும் சேர்ந்துதான் பின்னுக்குப் போகும்.

– பக்கத்திலை இருக்கிற ஆளைப் பிறகு பாப்பம். எவ்வளவு தள்ளோணும்?

– ஆளைப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது? முழங்கால் ஸ்ரியறிங்கிலை முட்டினால் அவசரத்துக்குப் பிறேக்கிலை கால் வைக்கேலாது. பிறகு ஜேர்மன்காரற்றை ட்யூஃப் வாகனச் சோதனைக்கும் கொண்டுபோகோணும், றோட்டிலை ஓடலாமோ எண்டு பாத்து அவையும் ஓம் எண்டு சொல்லோணும். எனக்கு அவற்றை கால் அளவு வேணும்.

– உள்கால் தொண்ணூத்திநாலு சென்ரிமீற்றர். முழங்காலிலை இருந்து குதிக்கால் மட்டும் ஐம்பத்தாறு. இருக்கேக்கை இடது காலைக் கொஞ்சம் விரிச்சுத்தான் வைப்பார், அது பழைய காயம்.

– அம்மா.

– என்ன?

– இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

– தையல்கடை வைச்சிருக்கிறன். வாறவையின்ரை கால் அளவு எனக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்?

– கடைக்கு வாறவை நிண்டுகொண்டுதான் அளவு குடுக்கிறவை. இருந்துகொண்டில்லை.

– அருட்பிரகாசம்.

– பஸ் ஓடுற அருட்பிரகாசம் அங்கிளோ?

– ஓம். கடையிலை வாங்கிற லோங்ஸ் எல்லாம் அவருக்குக் கணுக்காலுக்கு மேலை நிக்கும். மடிப்பை அவிட்டு இறக்கிக் குடுக்கிறனான். ஒருநாள் தேத்தண்ணி குடிச்சார். பிறகு வேலை முடிஞ்சு போற நேரமெல்லாம் கொஞ்சம் இருந்து கதைச்சிட்டுப் போவார். மனிசி போய்க் கனகாலம், பிள்ளையளும் இல்லை. நான் கதைக்கக் கதைக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிசன், கவிஷன். எனக்கு அது பழக்கமில்லை.

– ஏன், அப்பா கேக்கேல்லையோ?

– அப்பா நல்லவர். ஆனால் அவர் கேட்டது எஞ்சின் சத்தம்.

– சிரிப்புக் காட்டாதேங்கோ. நான் கோவத்திலை இருக்கிறன்.

– கோவத்தோடையே சிரி.

– சரி, ரெண்டு பேரும் எங்கை போகப்போறியள்?

– ஊன்ட்றொப் கோயிலுக்கு. அம்மன் தேருக்கு.

– தேருக்கோ? கூரையில்லாத காரிலை, அவருக்குப் பக்கத்திலை? எங்கடை சனம் முழுக்க அங்கைதான் நிக்கும். அப்பான்ரை பேரை இழுத்து, இராசலிங்கத்தின்ரை மனிசி ஆரோடை வாறா எண்டு கதைப்பினம்.

– கதைக்கட்டும். ஒளிச்சுப் போறதெண்டால் அவற்றை பஸ்ஸிலையே போயிருப்பன்.

– அவரட்டைச் சொந்தக் கார் இல்லையோ? இதிலைதான் போகோணுமோ?

– இருக்கு. அவற்றை காரிலை ஏறினால் உங்கள் ரெண்டு பேரையும் விட்டிட்டுப் போற மாதிரி இருக்கும் எனக்கு. இதிலை போனால் அப்பிடி இராது. எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

– எனக்கு அழுகையும் வருது, கோவமும் வருது. ஆரிலை கோவம் எண்டும் தெரியேல்லை.

– என்னிலை கோவி. நான் இஞ்சைதானே நிக்கிறன்.

– தள்ளி நில்லுங்கோ. சீற்றைக் கழட்டிப் பாக்கிறன். பாக்கிறன் எண்டுதான் சொல்லுறன், செய்யிறன் எண்டு சொல்லேல்லை. அந்த ஸ்பனரைத் தாங்கோ. ம்… லேசாய்க் கழருது. நான் துருப்பிடிச்சிருக்கும் எண்டு நினைச்சன்.

– கவனம், விரல்.

– அம்மா. இஞ்சை வாங்கோ. கம்பளத்துக்குக் கீழை பாருங்கோ. அப்பான்ரை ஓட்டைக்குப் பின்னாலை இன்னும் நாலு ஓட்டை. நாலு விரல் பின்னுக்கு. துருப்பிடியாமல் சுத்திவரச் சிவப்புப் பெயின்ற்றும் பூசியிருக்கு.

– ம்.

– அப்பாவுக்கு இது தேவையில்லை. உயரமான ஆளுக்குத்தான். நோய் வருத்தத்திலை கிடக்கேக்கை செய்திருக்கிறார், அம்மா. தனக்குப் பிறகு ஆராவது உங்களை ஏத்திக்கொண்டு போகோணும் எண்டு. எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை பாருங்கோ. அப்பாவே இடம் விட்டிருக்கிறார் எண்டால் மறிக்கிறதுக்கு நான் ஆர்? செய்து தாறன். தேருக்கு முந்தி முடிச்சுத் தாறன்.

– கவிஷன்.

– ட்யூஃபுக்கும் நானே கொண்டுபோறன்.

– கவிஷன், நில்லு. நாலு ஓட்டையும் நேராய் இருக்கோ?

– இல்லை. ஒண்டு கோணல்.

– அப்பா கோணலாய் ஓட்டை போடுவாரோ?

– அப்ப?

– அது பெயின்ற் இல்லை, ராசா. என்ரை நெயில் பொலிஷ். நீ வேலைக்குப் போனாப்பிறகு, அப்பான்ரை ட்ரில்லாலை நான்தான் போட்டனான்.

– போட்டாச்செண்டால் ஏன் என்னட்டை வந்தனீங்கள்? போல்ற்றை மாத்தி இறுக்கினால் முடிஞ்சுதே.

– ஓட்டை போட எனக்கு ஏலும். இப்ப நான் வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால் அப்பான்ரை ஓமும் கிடைச்சிருக்கும், நீ நம்பீட்டாய்தானே. அவற்றை ஓமைக் களவெடுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. உன்ரை ஓம்தான் வேணும். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லு, போர்வையைத் திரும்பப் போட்டிட்டுப் போறன்.

– போர்வையை எடுத்து அங்காலை போடுங்கோ. இந்தக் கோணல் ஓட்டையை நான் நேராக்கோணும். அதுக்கு முதல் சீற்றை வைக்கிறன், பக்கத்திலை ஏறி இருங்கோ, அம்மா. பின்னுக்குப் போனால் கால் ஊண்டுற முன்தட்டு உங்களுக்கு எட்டாது, உங்களுக்கும் அளவு எடுக்கோணும்.