கடைத்தெருக் கன்னடத்தின் ஆசிரியர்

மைசூரில் காய்கறி வாங்கக் கன்னடம் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் காய் கிடைக்கும், கொஞ்சம் வாடலாக. இதைப் புரியவைக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது என்றால் நம் ஜனங்களின் மூளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

'கடைத்தெருக் கன்னடம்' என் அக்கா வாலாம்பாள் எழுதியது. கணவன் போனபின் என் வீட்டில்தான் இருந்தாள். மார்க்கெட்டில் கெம்பம்மா என்ற கீரைக்காரியோடு மணிக்கணக்காகப் பேசுவாள், வந்து எழுதுவாள். "இலைமேல் கையை மறித்து 'சாக்கு' என்றால் கோணிப்பையைத் தேடாதீர்கள், போதும் என்கிறார்." இந்த மாதிரிப் பாடங்கள். ரயில்வேயில் மாற்றலாகி வந்த தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கு அவ்வளவு போதும்.

மண்டி மொஹல்லாவில் ஓர் அச்சகத்தில் கொடுத்தபோது அட்டையில் என் பெயரைப் போட்டேன்.

"நாணா, இதுல உன் பேர் எதுக்குடா?" என்றாள்.

"பொம்மனாட்டி பேரைப் போட்டா யாரு வாங்குவா?"

சிரித்தாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பதிவு செய்தால்தான் புத்தகத்துக்குப் பதிப்புரிமை என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதிய கணமே எழுதியவருக்கு உரிமை வந்துவிடுகிறது. டெல்லியில் பதிவது கட்டாயமே இல்லை. சான்றிதழ் ஒரு முதற்சாட்சி மட்டும். எதிர்ச்சாட்சி வந்தால் விழுந்துவிடும். ஆனாலும் பதிந்தேன். மனுவில் ஆசிரியர் என்று என் பெயரை எழுதிப் பிரதிகளை இணைத்தேன். உரிமை கோரக்கூடியவர் வேறு யாராவது இருந்தால் அவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். யாரும் இல்லை என்றேன். ஆட்சேபம் வருகிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சான்றிதழை அனுப்பிவிட்டார்கள்.

தமிழ்ச் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திய அன்று அக்கா கூட்டத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என் பேரைப் போடு. இல்லேன்னா நானே டெல்லிக்கு எழுதறேன். தப்பாப் பதிஞ்சதைத் திருத்தச் சொல்லிக் கேக்கலாமாமே."

அதுவும் தெரிந்து வைத்திருந்தாள். எதிர்ச்சாட்சி என்று உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"அந்தப் புத்தகம் யார் எழுதினது, அம்மா?"

"நான்தான்."

நான் சான்றிதழை மேஜைமேல் வைத்தேன். அக்கா பாடங்களை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். "மனப்பாடமே பண்ணிட்டா, பாவம்," என்றேன். டாக்டர் என்னைத்தான் இரக்கத்தோடு பார்த்தார். இரண்டாவது டாக்டரும் அப்படியே. சிங்க முத்திரையைக் கண்டால் எதையும் நம்பும் படிப்பு. அவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்க்க மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டார்.

எட்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள். 'நான் எழுதவில்லை' என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நானே போய் எடுத்துச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடிவாதம் பிடித்தவளுக்கு யார் என்ன செய்ய முடியும்?

அங்கே வேலை பார்க்கும் ஆயா, கொள்ளேகால் மல்லம்மா, "அந்தம்மா தினம் ஒரு புதுப் பாடம் சொல்லுமுங்க, அது எழுதுனதுதானுங்க" என்று உங்களிடம் சொன்னாளாம். இரண்டு டாக்டருக்கும் ஒரு மாஜிஸ்திரேட்டுக்கும் தோன்றாதது ஆயாவுக்குத் தோன்றியிருக்கிறது. நீங்களும் அதை நம்பி ஜீப் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

உரிமை எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அதன்பின் ஐம்பது வருஷம். இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. போன மாதம் அக்கா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அதைக் கையில் பிடித்தபடியே, வரும் ஜனவரியிலிருந்து ஐம்பது வருஷம் என்று கணக்குப் போட்டேன். இன்னொரு தரம் சரிபார்த்தேன். ஆசிரியராகிய நான் இன்னும் சாகவில்லையே என்று எனக்குத் தோன்றவே இல்லை.