வெர்ன் ஹாலக்கிடம் யாரும் பேசாத மதியம்

என் புத்தகங்களின் பின்னட்டையில், புகைப்படத்துக்குக் கீழே, "பேய்ப்படங்களிலும் பழைய ஐதீகங்களிலும் பேஸ்பாலிலும் ஈடுபாடு கொண்டவர்" என்று போட்டிருக்கும். வரிசை தவறு. பேஸ்பால்தான் முதலில் வந்திருக்க வேண்டும். பதிப்பகத்தாரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, பேய்தான் விற்கும் என்று விட்டுவிட்டார்கள். ஹஸ்கின்ஸ் அம்மணி, ஷெரிப் அலுவலகத்தில் எழுதும் இந்த வாக்குமூலத்திலாவது நீங்கள் வரிசையைச் சரியாகப் போடுங்கள்.

பாட்டில் ஆலை மூடியபின் எங்கள் கார்வர் கிரீக்கில் மிஞ்சியது ஒரு சர்ச், மேபெலின் சாப்பாட்டுக் கடை, ஆலைக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மைதானம். பக்கத்து ஊரில் தலையில்லாத ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார். அதற்கு அடுத்த ஊரில் பாலத்தடியில் ஒரு பெண் அழுகிறாள். எங்கள் ஊரில் அழுவதற்குக்கூட ஒரு பேய் கிடையாது. அந்தக் குறையை நான் தீர்த்துவைத்தேன். மைதானத்தில் இடி விழுந்து செத்த நடுவர் ஒருவர். எதிரணியில் ஒருவனையும் அடித்து ஓடவிடாமல் எவனாவது பந்து வீசிக்கொண்டு போனால், ஆட்டம் முடியுமுன் வந்து அவனைக் கூட்டிப்போய்விடுவார். ஆலைக் கிழவர் ஒருவர் சொல்லக் கேட்டதாகத்தான் புத்தகத்தில் எழுதினேன். கிழவரும் நான் உண்டாக்கியவர்தான்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. ஒரு படக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். ஊரில் வழங்கிவரும் நிஜ ஐதீகம்தானே என்று மேபெலின் கடையில் வைத்துக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வெர்ன் ஹாலக் திறந்துவிட்டான். குழாய் ரிப்பேர் பார்ப்பவன், எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணியில் பந்து வீசுபவன், அணியைவிட மூத்த தொப்பை உடையவன்.

"ஐதீகமா? யோவ் எல்லிஸ், எங்க தாத்தா அங்க இருபது வருஷம் ஆடினாருய்யா. அந்த மைதானத்துல இடி விழுந்து செத்தது ஒரே ஒரு ஜீவன்தான். மக்ரூடரோட பசுமாடு."

"அப்ப நடுவர் வர்றப்ப கழுத்துல மணி கட்டியிருக்கும்னு சொல்லு," என்றாள் மேபெல், காப்பியை ஊற்றிக்கொண்டே.

கடையே சிரித்தது. படக் கம்பெனிக்காரர்களும் நாகரிகமாகச் சிரித்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். எனக்குக் கோபமில்லை. வெர்னிடம் எனக்கு எப்போதுமே கோபமில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு மதியம் வெர்ன் வீசிய வீச்சை என்னைவிட ரசித்தவர் யாரும் இருக்க முடியாது. அணியின் பைகளையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்பவன் நான். பெஞ்சில் எனக்கென்று ஒரு இடம் உண்டு. ஆறு சுற்று முடிந்தது. எதிரணியில் ஒருவன்கூட அடித்து ஓடவில்லை. அப்படி ஓர் ஆட்டம் போய்க்கொண்டிருந்தால் அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. வீசுபவன் பக்கத்தில் உட்காரக் கூடாது. அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கலைந்துவிடும். சர்ச்சுக்குப் போகாதவன்கூட இதில் பக்திமான். வீசுபவனுக்கும் ஆசாரம் உண்டு: முதல் சுற்றில் என்ன செய்தானோ அதையே கடைசிவரை செய்ய வேண்டும். வெர்ன் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் பெஞ்சின் கடைக்கோடிக்குப் போவான், அங்கே வைத்த அதே சோடா கேனிலிருந்து ஒரே ஒரு வாய் குடிப்பான், தலையில் துண்டைப் போட்டுக்கொள்வான். அந்தக் கேனை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

மொத்தம் ஒன்பது சுற்று. இன்னும் மூன்றை அவன் முடித்துவிட்டால், நான் கட்டிய நடுவர் ஊர் பார்க்கப் பட்டப்பகலில் பசுமாடாகிவிடுவார்.

ஏழாவது சுற்றை வீசிவிட்டு வந்து குடித்தான். திடுக்கிட்டுத் துப்பினான். கீழே விழுந்த குளவியை நான் பார்த்தேன். எங்கள் அணி அன்றைக்கென்று அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் கம்பி வேலியைப் பிடித்தபடி மைதானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். குளவி கொட்டினால் வெர்னுக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும். போன வருடம் சர்ச் விருந்தில் கழுத்து தடித்து மூச்சு நின்றுபோகப் பார்த்தது. அதிலிருந்து அவனுடைய ஊசி மருந்து அணியின் பையிலேயே இருக்கும். பை என் காலடியில் இருந்தது.

"அப்ப ஏன் சார் எடுத்துக் கொடுக்கல?" என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நான் ஆசாரத்தை மதிப்பவன்.

அவன் கையைத் தூக்கினான். துண்டுக்குக் கீழே தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. மில்ட், அவன் பந்துகளைப் பிடிப்பவன், இருபது வருட சிநேகிதன், அந்தக் கையைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டான்.

"எல்லிஸ், அவன் என்னமோ கேக்கறான் போலருக்கேய்யா," என்றான், பார்வையை மைதானத்திலேயே வைத்துக்கொண்டு.

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"ஆமா, ஆமா," என்று மில்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "கெடுத்துறக் கூடாது."

கை இறங்கியது. எங்கள் பக்கம் இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்தார்கள், ஆரவாரம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆயிரம் பேய்ப்படம் பார்த்தவன் சொல்கிறேன், பயம் காட்டப்படும் இடத்தில் இல்லை, எல்லாரும் கண்ணை வேறு பக்கம் வைத்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. எட்டாவது சுற்றுக்கு எழுந்திருக்கச் சொல்லி மில்ட் பெஞ்சைத் தட்டினான். பேசக் கூடாது என்பதால் தட்டினான். பிறகுதான் துண்டை எடுத்தார்கள்.

மில்ட் இப்போது யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள். அவனிடம் சொல்லுங்கள், அவன்மேல் தப்பில்லை.

குளவி கேனுக்குள் எப்படி வந்தது என்பதுதானே உங்களுக்கு இடிக்கிறது. தானாகத்தான் போயிற்று. சத்தியமாக. ஏழாவது சுற்றை அவன் வீசிக்கொண்டிருந்தபோது, கேனின் வாயில் உட்கார்ந்து, யோசித்து, உள்ளே இறங்கியது. நான் அழைக்கவில்லை. யாரும் பார்க்காத அந்தக் கடைக்கோடிக்குப் போய் உட்கார்ந்து, அது திரும்பி வந்துவிடாதபடி கேனின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். அடியில் அது துடித்தது விரலில் தெரிந்தது. வெர்ன் கடைசி ஆளையும் வெளியேற்றிவிட்டுத் திரும்பியபோது விரலை எடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

மைதானத்து வாசலில் இப்போது மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நடுவர் வந்துவிட்டார் என்று மேபெலே சொல்கிறாளாம். படக் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த நடுவர் கதையை நானேதான் கட்டினேன். இந்த ஊருக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான். பாவம், அதையும் வெர்ன் உண்மையாக்கிவிட்டுப் போய்விட்டான்.