அறுந்துபோகாத டவுன்லோட்

"இந்த மாதம் முழுக்க டவுன்லோட் ஒருக்காலும் அறுந்து போகேல்லை, அண்ணை. அதுதான் யோசினையாக் கிடக்கு."

பிக்கரிங்கிலிருந்து நகர மையத்துக்குப் போகும் காலை ரயிலில் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். சொன்னவன் இளைஞன். பக்கத்திலிருந்தவர், கூட வேலை செய்பவர் போல, சிரித்தார்.

"அறுந்து போகேல்லை எண்டால் நல்லம்தானே? முந்தி வீட்டு லினக்ஸ் சேர்வரிலை ஒரு ஃபைல் இறக்க நீர் பட்ட பாடு!"

"ஓம். முக்கால்வாசி வரும், அறுந்திடும், திரும்ப முதலிலை இருந்து தொடங்கும். கமாண்டிலை பிழையாக்கும் எண்டு மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்தன். கடைசியிலை பாத்தால் கோல் வெயிட்டிங். வெளியிலை இருந்து ஆரும் கோல் எடுத்தால் இன்ரநெற் ஓடுற அதே போன் லைனிலை பீப் அடிக்கும், மொடெம் விட்டிடும்."

"அதை நிப்பாட்டிப்போட்டு இறக்கிறதுதானே?"

"எப்பிடி நிப்பாட்டுறது? அம்மா வவுனியாவிலை, முகாமிலை இருக்கிறா. வெளியிலை விடுற அண்டைக்குத்தான் கடைக்கு வந்து கோல் எடுப்பா. நிப்பாட்டினால் அவவுக்கு லைன் பிசி எண்டுதான் கேக்கும், திரும்பிப் போயிடுவா. அறுந்தால் அறுந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டன். விட்ட இடத்திலை இருந்து இழுக்கச் சொல்லிக் கமாண்டிலை ஒரு எழுத்துச் சேர்த்தன். அறுந்தால் அம்மாவோடை கதைப்பன், பிறகு மிச்சத்தை இறக்குவன்."

மற்றவர் சிரிப்பை விட்டுவிட்டார். என் மடியில் பேப்பர் விரித்தபடியே கிடந்தது. ரயில் ஏரிக்கரையோரமாக ஓடியது.

"நேற்றும் பெரிய ஃபைல் ஒண்டு போட்டன், அண்ணை. தேவையில்லாததுதான். இறக்கேக்கைதான் அம்மா எடுக்கிறவ."

"எடுத்தவவோ?"

இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஃபைல் முழுசா வந்திட்டுது."