ஒன்றரை அடி

தங்கம்: ஏய் மரியா, அந்தச் சேலை மேல சாயாத! இப்படித் தள்ளி உக்காரு.

மரியா: ஏன்க்கா? பின்னாடி உங்க வீட்டுச் சுவருதானே...

தங்கம்: நக்கோ, வேணாம்! சொன்னாக் கேளு. பையில என்ன, இவ்ளோ கனம்?

மரியா: சும்மா... டிபன். அது இருக்கட்டும், வாசலுக்கு வாசல் சேலை தொங்குதே, சந்துல கல்யாணமா?

தங்கம்: வெயிலுக்குத்தான். ஆர்க்கிடெக்ட் அம்மா வந்த விஷயத்தச் சொல்லுங்க. உங்க கார்ப்பரேஷன் ஆபீஸ்ல என்னவாம்?

மரியா: என்னவா? ஆம்புலன்ஸ் வர்ற அளவுக்குச் சந்து அகலமாகணும், வீட்டுக்கு ஒன்றரை அடி விடுங்கன்னு சுண்ணாம்புக் கோடு போட்டேன். மீட்டிங்ல நீங்கதான் முதல்ல எழுந்து...

தங்கம்: ஹவ், ஆமா! "தலையே போனாலும் ஒரு செங்கல் தரமாட்டேன்"னேன். அதுக்கென்ன இப்ப?

மரியா: உங்களப் பாத்து எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க. இந்த பஸ்திக் குடியிருப்பச் சீர்படுத்தவே முடியாதுன்னு ஆபீஸ்ல கைய விரிச்சாச்சு. எல்லாரையும் உப்பல் ஃப்ளாட்டுக்கு...

தங்கம்: உப்பலா! என் வீட்டுக்காரருக்கு வேலை பாலாநகர்ல. ஊருக்கு அந்தக் கோடியில, பத்தாவது மாடியில நின்னு நான் யாரக் கூப்பிடுவேன்?

மரியா: லிஃப்ட் இருக்காம்க்கா...

தங்கம்: அதுல அவங்களே ஏறிக் குடியிருக்கட்டும்! போன வாரம் நம்ம பக்கத்து வீட்டு சீதாராமனுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் உள்ள வரல. நாற்காலியோட தூக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடினது யாரு? இந்தச் சந்துதான். உப்பல்ல யாரு ஓடுவா?

மரியா: அய்யோ! இப்ப எப்படி இருக்கார்?

தங்கம்: பிழைச்சுக்கிட்டாரு. அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது...

மரியா: என்ன உறைச்சுது? அப்ப உப்பல் போகமாட்டீங்களா? நெஜமாச் சொல்லுங்கக்கா, எனக்குத் தெரிஞ்சாகணும்.

தங்கம்: எழுந்திரு. அந்தச் சேலைய விலக்கு.

மரியா: கர்த்தரே... சுவரு எங்கக்கா?

தங்கம்: நீ போட்ட கோடு வரைக்கும் இடிச்சாச்சு. மொத அடி அடிச்சது நான்தான். எல்லாச் சேலையையும் விலக்கிப் பாரு, ஒரு வீட்டுக்கும் முன்சுவரு கிடையாது! யாரும் மிரட்டி இல்ல, அடுத்த தடவ ஆம்புலன்ஸ் உள்ள வரட்டும்னு நாங்களா விட்டது.

மரியா: எங்கிட்ட ஏன்க்கா மறைச்சீங்க?

தங்கம்: நீ ஆபீஸ் ஆளாச்சே! வீடு இடிஞ்சு கெடக்குன்னு தெரிஞ்சா, இதான் சாக்குன்னு லாரியோட வந்து நிக்கமாட்டாங்க? இப்ப கோடு வரைக்கும் எல்லாரும் விட்டாச்சு, வரட்டும், பாத்துக்கலாம். போய்ச் சொல்லு, இவங்க நகரமாட்டாங்கன்னு.

மரியா: யார்கிட்டப் போய்ச் சொல்ல? உங்கள உப்பலுக்கு விரட்டுற வேலை எனக்கு வேணாம்னு காலையிலதான் அவங்க மூஞ்சியிலயே விட்டெறிஞ்சிட்டு வந்தேன். பையில டிபன் இல்லக்கா, டேப்பும் தூக்குக்குண்டும்தான். தள்ளுங்க, புதுச் சுவருக்கு அளவு எடுக்கணும்!