பெயருக்கு அர்த்தம் கேட்ட பயணம்

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், “அவரு பேருக்கு என்ன அர்த்தம்னு விசாரிச்சீகளா?” என்று கேட்டார்.

“கிறிஸ்தோஃப்னா கிறிஸ்துவைச் சுமக்கிறவருன்னு அர்த்தமாம். கிரேக்கத்துல இருந்து பிரான்சுக்குப் போன பேரு. மாப்பிள்ளையோட அப்பா பாண்டிச்சேரிக்காரருல்ல, அங்கன வச்சது.”

“மெதுவாப் பேசுங்க. மாப்பிள்ளை பாக்கப் பொண்ணப் பெத்தவுக இந்த வண்டியில ஏறியிருக்கோம்னு அவருக்குத் தெரிஞ்சிரப் போகுது. ஆமா, யாரு சுமந்தது?”

“பாலமில்லாத ஆத்துல ஆளுகளத் தோள்ல தூக்கிட்டுப்போயி அக்கரையில விடுவாராம் ஒருத்தரு. ஒருநா ஒரு சின்னப் புள்ளயத் தூக்குனா, நடு ஆத்துல உலகத்தையே தூக்குன மாதிரி கனக்குதாம். பாத்தா, அது ஆண்டவரு. அதுலேருந்து வழிப்போக்கருக்கெல்லாம் அவருதான் காவல்னு அந்த நாட்டுல நம்புறாக. மலையில வண்டி ஓட்டுறவருக்கு இதவிட நல்ல பேரு கிடைக்குமா? நீதான் இந்தப் பாதைய நெனச்சு நெனச்சுத் தூங்காமக் கெடக்க.”

பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. சன்னலுக்குக் கீழே தரை தெரியவில்லை, மூடுபனிதான் தெரிந்தது. அந்த அம்மாள் முன்கம்பியை இறுகப் பிடித்தார். வளைவு முடிந்த பிறகும் விடவில்லை.

“எல்லாரையும் கரை சேத்தாரு, சரி,” என்றார். “பொழுது சாய அவரு வீடு வந்து சேந்தாரான்னு யாராச்சும் எழுதி வச்சிருக்காகளா?”