கொஞ்ச நேரம் நில்

இந்த டீயில் இஞ்சி இல்லை, மேடம். குறையாகச் சொல்லவில்லை, கடை டீ அப்படித்தான் இருக்கும். எங்கள் வீட்டில் இஞ்சி தட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. நான் தட்டினால் கூழாகிவிடும். அவர் தட்டினால் நார் விரிந்து சாறு கசிகிற பதத்தில் நின்றுவிடும். "கை சொல்லும் பானு" என்பார். இனி நான்தான் தட்டவேண்டும். பழகிவிடும்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் உங்கள் ஏட்டய்யா, "கேஸே இல்லம்மா, ஊட்டுக்குப் போ, புருஷனப் பாரு" என்று அனுப்பிவிடப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் உதயகுமார் கொடுத்த வாக்குமூலம் அவர் கையில் இருக்கிறது. அது பொய். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் பானுப்பிரியா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேனல் கம்பெனியில் ஒயரிங் வேலை பார்த்தேன். பேனல் என்றால் ஆள் உயர இரும்புப் பெட்டி. பெரிய மெஷின்கள் எப்போது ஓடவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து, சோதனையும் முடிந்த பிறகு, கதவின் உட்பக்கம் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவோம். ஒயரிங் செய்தவர் பெயர் அதில் இருக்கும். வெளியிலிருந்து தெரியாது. ஆனால் எந்த ஊரில், எந்த மெஷின் பழுதானாலும், கதவைத் திறக்கிறவர் முதலில் படிப்பது அந்தப் பெயரைத்தான். நான் போகாத ஊர்களில் எல்லாம் என் பெயர் இருட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ரயிலில் நின்றுகொண்டு நினைத்துப்பார்ப்பேன். அது ஒரு சந்தோஷம்.

அவர் லேத் ஓட்டுகிற டர்னர். அதே எஸ்டேட்டில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து பழைய லேத் ஒன்றை வாங்கி, நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் போட்டார். லேத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சக் என்று ஒரு வட்டமான தலை, இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றும். இரும்பைச் சீவுகிற டூலை முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதும் ஆளின் வேலை. கைப்பிடியைத் திருகித் திருகிச் செய்யவேண்டும். அதைக் கழற்றிவிட்டு மோட்டார் பூட்டி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓடவைக்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது. யோசனை அவருடையதுதான். அதை நான் மறுக்கவில்லை.

"நீ எதுக்கு பானு டெய்லி ட்ரெயின்ல தொங்கினு போற? வேலைய வுடு. நீயும் நானும் சேந்து பண்ணலாம். நம்ம மெஷினு" என்றார்.

நம்ம என்றார். நான் வேலையை விட்டேன்.

மோட்டார் உட்காரும் தகடுகளை அவர் அறுத்து, துளை போட்டு, பொருத்தினார். சுத்தமான வேலை. மிச்சம் எல்லாம் நான் செய்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து பழைய கம்ப்யூட்டர் வாங்கியது, கம்பெனியில் செய்தது போலவே மெஷினுக்கு ஒரு பெட்டி கட்டியது, ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்டுப் பின்னல் மாதிரி கட்டியது, செல்போனில் பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றது. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் அலுப்பு. "நீ சொல்லு, நான் தலையாட்டுறேன்" என்பார். வேலை முடிந்த அன்று பெட்டிக் கதவின் உட்பக்கம் என் பெயர்ச் சீட்டை ஒட்டினேன். பழக்கம்தான்.

மெஷின் தானாக முதல் ஜாப்பை, அதாவது சக்கில் மாட்டிய இரும்புத் துண்டை, கடைந்து முடித்தபோது அவர் அழுதார். பிறகு வீடியோ எடுக்கச் சொன்னார். அவருடைய டர்னர் நண்பர்கள் குரூப்பில் போடுவதற்கு.

"பானு, செல்ல நேரா புடி. அந்தப் பொட்டி தெரிய வேணாம், ஒரே வயரா கீது, அசிங்கமா இருக்கும். மெஷினக் காட்டு, என் கையக் காட்டு."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம் நண்பர்களே. இது நம்ம சொந்தத் தயாரிப்பு. ஊட்லயே, நானே தனியா ஒக்காந்து பண்ணது" என்றார்.

அந்த வீடியோவில் என்னுடையது என்று இருப்பது, நடுவில் படம் லேசாக ஒருமுறை ஆடுவது மட்டும்தான்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். குடிப்பாரா, அடிப்பாரா என்று. இல்லை. அப்படி இருந்திருந்தால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருக்கும். மாதவிலக்கு நாட்களில் வெந்நீர் வைத்துத் தருகிறவர். எனக்குக் கோபமும் இல்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பட்டாபிராமில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சின்னசாமி வந்தார். எங்களுக்கு ஆர்டர் தருகிறவர்.

"இன்னா மாமே, ஊட்டாண்டயே ராக்கெட்டு வுடுவ போலக்கீதே!"

"எல்லாம் ஒரு வெறிதான் மச்சான்."

"தங்கச்சி குடுத்து வெச்சவ. இனிமே பட்டனத் தட்டுனா பார்ட்டு வந்து வுழும். சோத்த ஆக்கிப் போட்டுட்டு ஜாலியா கெட."

நான் டீ கொண்டுவந்து வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ சூப்பரு தங்கச்சி" என்றார் சின்னசாமி.

"இஞ்சி நானு" என்றார் அவர்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைக்கூட விட அவருக்கு மனம் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைத்து, சந்தனம் வைத்தார். கழற்றிய பழைய கைப்பிடியை ஆணியில் மாட்டி வைத்திருந்தார், அதற்கும் பொட்டு. கடைசியில் என் பெட்டியைத் திறந்து, பசை தடவிய ஒரு முருகர் படத்தை, என் பெயர்ச் சீட்டின் மேல் சரியாக வைத்து அழுத்தினார்.

"இன்னாங்க, அது எம் பேரு."

"சாமிக்கு அடியிலதான கீது? நல்லதுதான் போ."

மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் அவருடைய பழைய பழக்கம் ஒன்று போகவில்லை. டர்னர்கள் எல்லோருக்கும் உண்டு. மெஷினை நிறுத்தினால் சக் உடனே நிற்காது, கொஞ்சம் சுற்றித்தான் ஓயும். அது ஓயும்வரை பொறுக்காமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்து நிறுத்துவார்கள், ஓடுகிற குழந்தையின் தோளைப் பிடிக்கிற மாதிரி. அவர் தடவிப் பார்க்கவென்றே ஜாப்பின் நடுவில் மெஷினை ஒருமுறை நிற்கவைத்திருந்தேன். நின்றதும், கடைந்த துளைக்குள் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். "கை சொல்லுது, ஓகே" என்று சொன்ன பிறகுதான் பச்சைப் பட்டனை அழுத்துவார்; மெஷின் மிச்ச வேலையைச் செய்யும். அளவு சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ஆனால் அவர் விரல் உள்ளே போய்வந்தால்தான் என் வேலை வேலையாகும். ஒவ்வொரு ஜாப்புக்கும் அப்படித்தான். பார்த்துக்கொண்டே சமைப்பேன்.

ஆபத்து என்று நான் சொல்லாமல் இல்லை. கண்ணாடித் தகடு வைத்து ஒரு கதவே செய்து மாட்டினேன். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாதபடி அதில் ஒரு சுவிட்ச். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இன்னா பானு இது, ஜெயில்ல வேலை செய்யற மாதிரி கீது" என்று கழற்றி மூலையில் சாய்த்துவிட்டார். கதவு இல்லாமல் மெஷின் ஓடவேண்டும் அல்லவா? அதற்கு அந்தச் சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிடவேண்டும். அதைச் செய்யவும் என்னைத்தான் கூப்பிட்டார். முறுக்கிக் கொடுத்தேன். அன்றைக்கே எனக்கு யோசனை இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

விரல் சூப்புகிற பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவிவிடுவோம் இல்லையா, மேடம்? பிள்ளைமேல் வெறுப்பா அது? ஒரு பழக்கத்தை விடவைப்பது. நான் அப்படித்தான் அதை நினைத்தேன்.

மெஷின் நடுவில் நிற்கிற இடத்தில், 'பட்டனை அழுத்தும்வரை நில்' என்று புரோகிராமில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, 'கொஞ்ச நேரம் நில்' என்று எழுதினேன். அவ்வளவுதான். பட்டனுக்குக் காத்திருக்காது, கொஞ்சம் நின்று, தானே ஓடும். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று கேட்பீர்கள். உள்ளங்கை வைத்து நிறுத்துகிற நேரம், பழந்துணியால் துடைக்கிற நேரம், விரல் உள்ளே போகிற நேரம். அதற்கு மேல் கண் மூடுகிற நேரம். இவ்வளவு நாள் பார்த்ததால் எனக்கு அது தெரிந்திருந்தது. அவரை என்னைப்போல் கவனித்தவர்கள் யாரும் இல்லை.

அவர் குளிக்கப் போயிருந்தபோது ஒரு முள்ளங்கியை வைத்துச் சோதித்தேன். சோதிக்காமல் நான் எதையும் ஓடவிட்டதில்லை. மிச்ச முள்ளங்கியில் சாம்பார் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்று மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஆவடிப் பக்கம் போகிற ரயில் ஒன்று கடந்தது. ஷெட்டின் தகரம் எப்போதும்போல் அதிர்ந்து அடங்கியது. சக் ஓய்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் கையால் அது நின்ற சத்தம். அதற்குப் பிறகு ஒரு அமைதி இருந்தது. அந்த அமைதி நான் செய்தது. அதில் எந்தக் குறையும் இல்லை.

அவர் கத்தியதும் ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அடித்தேன். முதல் அடியிலேயே நின்றது. என் ஒயரிங் அப்படி. துப்பட்டாவால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றினேன். சரியாகக் கட்டியதால்தான் ரத்தம் அதிகம் போகவில்லை என்று டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார். பிறகு, "பட்டன் அமுக்குற வரிக்கும் நிக்கணும்னுதான பானு போட்டிருந்த?" என்று கேட்டார்.

"இல்ல. கொஞ்ச நேரம் நிக்கணும்னு மாத்துனேன்."

என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டார், ஜாப்பைத் தடவும்போது மூடுவாரே, அதே மாதிரி.

வார்டில் கண் விழித்ததும், "சாப்ட்டியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "ஊட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த வரிய பழையபடி மாத்தி வுட்டுடு. யார் கேட்டாலும் வாயத் தொறக்காத" என்றார். எனக்கு உத்தரவு போடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புரோகிராமில் எந்த வரி இருக்கவேண்டும் என்று இவர் சொல்கிறார்.

பிறகு உங்கள் ஏட்டய்யா வந்தார். நான் பிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

"என் தப்பு சார். புரோகிராமு நான்தான் எழுதுனேன். நிக்கிற எடத்துல தப்பாப் போட்டுட்டேன். மெஷினு மொத்தமும் நான் பண்ணதுதான், வீடியோகூட கீது பாருங்க. அவளுக்கு இன்னா சார் தெரியும் பாவம், அவ அடுப்பாண்ட இருந்தா."

ஏட்டய்யா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அவளுக்கு இன்னா தெரியும்.

மேடம், கையெழுத்துப் போட முடியாமல் அவர் வைத்த கட்டைவிரல் ரேகையை வைத்து நீங்கள் கேஸை முடிக்கக்கூடாது. போய் அவரையே கேளுங்கள். எந்த வரி என்று கேளுங்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாது. காகிதம் கொடுத்தால் நான் இங்கேயே பார்க்காமல் எழுதுவேன். அவர் சொன்னபடி நான் எதையும் மாற்றவில்லை. ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ. ஆள் அனுப்பிப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த முருகர் படத்தைக் கிழியாமல் எடுத்தால், அடியில் யார் செய்தது என்று தெளிவாக இருக்கும்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார், தெரிந்தே ஏன் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மேடம்? இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்த ஒரு வேலையை என் பெயரில் விட்டுவைக்க அவருக்கு என்றைக்குமே மனசு வந்ததில்லை.